பொட்டு வைக்காத மோட்டார்

குற்றாலத்துச் சாரலை அனுபவிக்க வருகிறவர்களுக்கு அது சுகம். நாலு நாள் அருவியில் தலையைக் கொடுத்துவிட்டு, நேந்திரங்காய் வற்றல் பொட்டலத்தோடு பஸ் ஏறிவிடுவார்கள். பக்கத்தில் இலஞ்சியில் குடியிருக்கிற எங்களைக் கேட்டால்தான் தெரியும். ஆனி பிறந்தால் உப்பு ஜாடியில் தண்ணீர் விடும். தீக்குச்சியை உரசினால் மருந்து உதிருமே தவிர நெருப்பு வராது. டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கும் கல்யாணப் பட்டில் பூஞ்சணம் பூக்கும். அது ஓய்ந்து துணிமணியை வெயிலில் காட்டுவதற்குள் ஐப்பசி மழை வந்து நிற்கும். இரும்பென்றால் துரு, பித்தளை செம்பென்றால் பச்சைக் களிம்பு. இதெல்லாம் தலையெழுத்து என்று நாங்கள் துடைத்துக்கொண்டு போனோம். அப்படிப் போகாமல், ஏன் என்று கேட்டு மல்லுக்கு நின்ற ஒருத்தியைத்தான் எனக்குத் தெரியும். அவள் பெயர் வடிவம்மாள்.

அவள் தோட்டத்துக்கும் என் தோட்டத்துக்கும் நடுவில் ஒரே ஒரு வரப்பு. அதனால் அவள் சண்டை, சமாதானம் எல்லாவற்றுக்கும் நான் டிக்கெட் வாங்காத பார்வையாளன். அஞ்சாம் வகுப்போடு அவள் படிப்பை நிறுத்தினார்கள். தென்காசிப் பையன் நாறும்பூநாதனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவன் மரக்கடையில் கணக்கு எழுதுகிறவன், பரம சாது, நெஞ்சில் இழுப்பு. சாரல் காலத்தில் அவன் மூச்சு விடுகிற சத்தம் தெரு முனைவரை கேட்கும். கல்யாணமாகி நாலைந்து வருஷத்தில் வடிவம்மாளின் அப்பா சங்கரநாராயணன் சாகும் தறுவாயில் மல்லித் தோட்டத்தையும் அதிலுள்ள கிணற்றையும் மகள் பேருக்கு எழுதிவைத்துவிட்டார். அவளும் புருஷனையும் மாமியாரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இலஞ்சிக்கே வந்துவிட்டாள்.

இதில் மனத்தாங்கல் அவள் அண்ணன் குற்றாலிங்கத்துக்கு. பொம்பளைப் பிள்ளைக்கு நகை போட்டோம், பாத்திரம் கொடுத்தோம், தோட்டம் எதற்கு என்பது அவன் கட்சி. கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். தங்கச்சி வீட்டுக்கு முதல் பலாப்பழத்தை வெட்டி அனுப்புகிறவனும் அவன்தான். ஆனால் அந்த மல்லிச் செடிகளைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவன் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும்.

1958 சித்திரையில் வடிவம்மாள் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த தன் கமலை மாடுகளைப் புளியறைக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டு மின்சார மோட்டார் வாங்கினாள். எங்கள் பக்கத்துக் கிணறுகளில் அதுதான் முதல் மோட்டார். பொத்தானை அமுக்கினால் தண்ணீர் பாய்வதைப் பார்க்க மேலகரத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். வடிவம்மாள் அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் ஓட்டுவாள். சித்திரையில் ஓடியது, ஆடியில் ஓடியது, புரட்டாசி வரைக்கும் ஒரு முனகல் இல்லாமல் ஓடியது.

பிறகு மழை. வானமே இறைக்கும்போது மோட்டார் எதற்கு? மூன்று மாதம் பூட்டிக் கிடந்தது. மார்கழியில் மல்லியைக் கவாத்து செய்தாள். தை கடைசியில் புதுத் துளிருக்குத் தண்ணீர் விட வேண்டும். போய்ப் பொத்தானை அமுக்கினால் மோட்டார் சுற்றவில்லை. உறுமியது. இவள் மறுபடியும் மறுபடியும் அமுக்க, வார்னிஷ் கருகிய வாடை என் வரப்பு வரைக்கும் வந்தது. தென்காசி மெக்கானிக் ஞானதுரை வந்து பார்த்து, உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச் சுருள், அதாவது காயில், எரிந்துவிட்டது என்றார். மாட்டு வண்டியில் ஏற்றித் தென்காசிக்குக் கொண்டுபோய், காயில் கட்டி, திரும்பக் கொண்டுவந்து மாட்டுவதற்குள் மாசி முடிந்தது. துளிர் பாதி கருகிப்போயிருந்தது. அந்த வருஷம் தென்காசிப் பூக்கடைக்கு அவள் அனுப்பிய கூடைகளைப் பார்த்து எனக்கே வருத்தமாக இருந்தது.

மழைத் தண்ணீர் புகுந்திருக்கும் என்றார்கள். வடிவம்மாள் மோட்டார் அறைக்குப் புது ஓடு போட்டாள், கதவை மாற்றினாள், தரையை உயர்த்தினாள். அடுத்த மழையில் ஒரு சொட்டு உள்ளே போகவில்லை, நானே போய்ப் பார்த்தேன். ஆனால் தை வந்ததும் அதே உறுமல், அதே கருகல். ஞானதுரைக்கே சங்கடமாகிவிட்டது. கரண்டு ஏறி இறங்கியிருக்கும் என்று ஏதோ சொல்லிவிட்டு மோட்டாரை வண்டியில் ஏற்றினார். வடிவம்மாளின் கம்மலும் அந்த வண்டியோடு போய்விட்டது.

அந்தப் பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வம் சாஸ்தா கோயிலில் சொந்தபந்தம் அத்தனையும் கூடியிருந்தது. பொங்கல் பானை இறங்கி எல்லோரும் இலையில் உட்கார்ந்திருந்த நேரம். குற்றாலிங்கம் சத்தம் போடாமல், ஆனால் எல்லோர் காதிலும் விழும்படி பேசினான்.

“ஏட்டி வடிவு, மாட்ட வித்து மோட்டாரு வாங்குன. அது தண்ணிய இறைக்கல, உன் உசுரத்தான் இறைக்கி. வார மாசிலயும் நின்னு போச்சுன்னா தோட்டத்த எங்கிட்ட விட்டுரு. நான் கமலை பூட்டிப் பாத்துக்கிடுதேன்.”

நாறும்பூநாதன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வடிவம்மாள் அண்ணனை நேராகப் பார்த்தாள்.

“சரிண்ணே. ஓடலைன்னா எடுத்துக்கோ. ஓடிட்டுன்னா அதுக்கப்புறம் என் தோட்டத்தப் பத்தி நீ வாயத் தெறக்கக் கூடாது.”

சாஸ்தா சந்நிதியில் சொன்ன சொல். எங்கள் குடும்பங்களில் அதற்கு மேல் பத்திரமோ சாட்சியோ தேவையில்லை. வீட்டுக்கு வரும் வழியில் வள்ளித்தாய், அதாவது மாமியார், புலம்பிக்கொண்டே வந்தாள். வாயைக் கொடுத்துத் தோட்டத்தைத் தொலைக்கப் பார்க்கிறாளே என்று. வடிவம்மாள் அவளுடைய கையைப் பிடித்து ஓடை தாண்ட வைத்தாள்.

இனி அந்த வருஷத்து ஆயுத பூஜையைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் அன்றைக்கு அரிவாள்மனை முதல் அரிசி மில் வரை எல்லாவற்றுக்கும் குளியலும் பொட்டும் உண்டு. வடிவம்மாள் முந்தின இரண்டு வருஷம் போலவே மோட்டாருக்குச் செய்ததோ பெரிய கோயில் அபிஷேகம். மெயின் சுவிட்சை இறக்கி, பியூஸ் கட்டைகளைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டு (லைன்மேன் ஒருவர் சொல்லிக் கொடுத்த ஜாக்கிரதை), மோட்டாரின் பக்கவாட்டிலுள்ள கனெக்சன் பெட்டியின் மூடியைக் கழற்றினாள். உள்ளே கரண்டுக் கம்பிகள் வந்து சேரும் பித்தளைப் போல்ட்டுகள் மங்கிப்போயிருந்தன. புளியையும் சாம்பலையும் வைத்து அத்தனையையும் தேய்த்தாள். ஈரத்துணியால் துடைத்தாள். ஒவ்வொரு போல்ட்டுக்கும் சந்தனம் குழைத்து வைத்து நடுவில் குங்குமம் இட்டாள். போல்ட்டுகள் தங்கம்போல மின்னின. நான்கூட, மோட்டாரை இப்படி யாராலும் வைத்துக்கொள்ள முடியாது என்று பாராட்டிவிட்டு வடையைத் தின்றேன்.

வீட்டில் பெரிய குத்துவிளக்குக்கும் அப்படியே. வழக்கமாக பூஜை முடிந்த மறுநாள் விளக்கைக் கழுவித் துடைத்து அலமாரி மேல் ஏற்றிவிடுவார்கள். அந்த வருஷம் வள்ளித்தாய், மாசியில் மோட்டார் ஓடுகிறவரை வீட்டிலும் மோட்டாரிலும் எந்தப் பொட்டையும் அழிக்கக் கூடாது என்று நேர்ந்துகொண்டு, பொட்டோடேயே ஏற்றி வைத்தாள்.

திருக்கார்த்திகை வந்தது. வெளியே தூறல். தீபம் ஏற்ற அந்த விளக்கை வடிவம்மாள் இறக்கினாள். மழைக்காலத்தில் விளக்கு மங்குவது புதிதில்லை. ஆனால் இது வேறு மாதிரி இருந்தது. பொட்டு இல்லாத இடமெல்லாம் லேசாகக் கறுத்திருந்தது, அவ்வளவுதான். பொட்டு இருந்த இடத்தில் மட்டும் காய்ந்த சந்தனத்தைச் சுற்றி வட்டமாகப் பச்சைக் களிம்பு. நகத்தால் ஒன்றைப் பெயர்த்தாள். அடியில் பித்தளை அரித்துச் சொரசொரத்துப்போயிருந்தது. இன்னொன்றைப் பெயர்த்தாள். அதுவும் அப்படியே. விளக்கைத் தரையில் வைத்துவிட்டு, செருப்பும் போடாமல் தோட்டத்துக்கு நடந்தாள்.

அவள் நனைந்துகொண்டு போகிற வேகத்தைப் பார்த்து, யாருக்கு என்னவோ என்று நானும் பின்னாலேயே ஓடினேன். அவள் சுவிட்சை இறக்கி, பியூஸைப் பிடுங்கி, மூடியைத் திறந்தாள். ஆயுத பூஜையன்று தங்கமாக மின்னிய போல்ட்டுகள் ஒவ்வொன்றின் தலையிலும் பச்சை. அதோடு நிற்கவில்லை. பச்சை இறங்கி வாசர் வளையத்துக்கு அடியில் புகுந்து, கம்பி முனையில் மாவாகப் பூத்திருந்தது. அவள் ஒரு கம்பியைத் தொட்டாள், பாதி இழைகள் கையோடு வந்துவிட்டன.

“அண்ணாச்சி, மோட்டார வேற யாரும் கெடுக்கல. நான்தான் வருசா வருசம் வெசம் வச்சிருக்கேன்.”

எனக்கு அப்போது புரியவில்லை. அவள்தான் விளக்கினாள். விளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் குடம் குடமாகத் தண்ணீர் விட்டு அலசுகிறோம். மோட்டாருக்குள் தண்ணீர் ஊற்ற முடியுமா? ஈரத்துணியால் துடைத்ததோடு சரி. புளியின் புளிப்பு உள்ளேயே தங்கிவிட்டது. அதன் மேல் ஈரச் சந்தனம், குங்குமம், பிறகு மூடி, பிறகு மூன்று மாத மழைக்குளிர். மூன்று கம்பிகளில் ஒன்றில் கரண்டு செத்துவிட்டால் மோட்டார் சுற்ற முடியாமல் உறுமத்தானே செய்யும்? அதை விடாமல் அமுக்கினால் எரியத்தானே செய்யும்?

ஞானதுரை ஏன் இரண்டு தடவையும் இதைப் பார்க்கவில்லை என்று கேட்டேன். அவள் முகம் சிவந்துவிட்டது. அவர் வருவதற்குள் பெட்டியைத் திறந்து, அசிங்கமாக இருக்கிறதே என்று அவசரமாகத் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்திருக்கிறாள். வெளியாள் வருகிறார் என்றால் வீட்டைப் பெருக்கி வைக்கிற புத்தி. தேய்த்தது எதை வைத்து என்று கேட்கிறீர்களா? புளியை வைத்துத்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். பிறகு துடைக்கத் துணியை எடுத்தவள், பெட்டிக்குள் கையைக் கொண்டுபோகாமல் அப்படியே நின்றாள்.

நிற்காமல் என்ன செய்வாள்? சுமங்கலி தன் கையால் குங்குமத்தை வழித்து எறிவது லேசான காரியமா? அதிலும் அழிக்கக் கூடாது என்று மாமியார் நேர்ந்துகொண்ட பொட்டு. வீட்டில் இழுப்போடு ஒரு புருஷன். வடிவம்மாளுக்குப் பயம் வந்தது. தோட்டம் போய்விடுமே என்ற பயத்தைவிடப் பெரிய பயம். மூடியைத் திரும்ப வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள், நானும் கூடப் போனேன்.

அவள் நினைத்தபடியேதான் ஆயிற்று. விஷயம் கேட்டு வள்ளித்தாய் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். மோட்டார் போனால் போகட்டும், தோட்டம் போனால் போகட்டும், என் மகனுக்கு இருக்கிற மூச்சு இந்த ஒரு மூச்சுதான், பொட்டை மட்டும் தொடாதே என்றாள். மூலையில் தலையணையில் சாய்ந்து இழுத்துக்கொண்டிருந்த நாறும்பூநாதன்தான் பேசினான். அவன் அவ்வளவு நீளமாகப் பேசி அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை.

“என் மூச்சு என் நெஞ்சுக்குள்ளதான் இருக்கு வடிவு, மோட்டாரு பெட்டிக்குள்ள இல்ல. உங்கப்பா உனக்குன்னு குடுத்த தோட்டம். போயி அழிச்சுட்டு வா.”

மறுநாள் விடிந்ததும் போய் அழித்தாள். ஒவ்வொரு பொட்டாகச் சுரண்டும்போது கண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது, கை மட்டும் நிற்கவில்லை. பிறகு பஸ் ஏறிப் போய் ஞானதுரையை அழைத்துவந்து, இந்தத் தடவை எதையும் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பெட்டிக்குள் பார்த்தார், அவளைப் பார்த்தார், தலையில் கையை வைத்துக்கொண்டார். வாழ்நாளில் எத்தனையோ மோட்டாரின் முதுகில் பொட்டைப் பார்த்திருக்கிறார், வயிற்றுக்குள் பார்த்தது அதுதான் முதல் தடவையாம்.

“அக்கா, இது வெளக்கு இல்ல, மினுக்கி வைக்கதுக்கு. கம்பியும் போல்ட்டும் ஒட்டுத எடம் காஞ்சு, சுத்தமா, இறுக்கமா இருந்தாப் போதும்.”

பச்சை ஏறிய முனைகளை, சிவந்த செம்பு தெரிகிறவரை வெட்டித் தள்ளினார்கள். போல்ட்டுகளை உப்புத்தாள் வைத்துத் தேய்த்தார்கள். அரித்துப்போன வாசர்களை எறிந்துவிட்டுப் புது வாசர் போட்டு இறுக்கினார்கள். மேலே மெல்லிசாக வாசலின் தடவினார்கள். மூடிக்கும் பெட்டிக்கும் இடையில் சைக்கிள் டியூபை வெட்டி வைத்து ஈரம் புகாமல் அடைத்தார்கள். போட்டுப் பார்த்தார்கள், ஓடியது. ஆனால் கார்த்திகையில் ஓடுவது கணக்கில்லை, மாசியில் ஓட வேண்டும் என்று வடிவம்மாளே சொன்னாள்.

அப்படியும், கரண்டு மட்டும் இருந்திருந்தால் வாரம் ஒருமுறை ஓட்டிப் பார்த்திருப்பாள். மார்கழிப் புயலில் தென்னை விழுந்து லைன் கம்பி அறுந்து, தை முழுக்க எங்கள் பக்கம் கரண்டே இல்லை. பொங்கல் போயிற்று. கவாத்து வெட்டிய செடிகளில் பொட்டுப் பொட்டாகத் துளிர் வந்தது. மேல் மண் காய ஆரம்பித்தது. மாசி பிறந்துதான் கரண்டு வந்தது. அதற்குள் குற்றாலிங்கம் ஆள் அனுப்பிவிட்டான், வெள்ளிக்கிழமை காலையில் வருகிறேன் என்று.

வந்தான். தனியாக வரவில்லை. ஒரு ஜோடி மாட்டையும் கமலைத் தோலையும் வடத்தையும் கொண்டுவந்து கிணற்று மேட்டில் இறக்கினான். சொந்தக்காரர்களும் நாலைந்து பேர் வந்தார்கள். எனக்குக் கோபமான கோபம். மோட்டார் நிற்கும் என்று அவ்வளவு நிச்சயமா? ஞானதுரையும் சிவகிரிக்கு ஏதோ வேலையாகப் போய்விட்டார். நாறும்பூநாதன் சால்வையைப் போர்த்திக்கொண்டு வாய்க்கால் ஓரம் நின்றான். வள்ளித்தாய் ஒரு தட்டில் கற்பூரமும் குங்குமமும் வைத்துக்கொண்டு கதவருகே நின்றாள்.

வடிவம்மாள் மோட்டாரைத் தொட்டுக் கும்பிட்டாள். பொத்தானை அமுக்கினாள்.

மோட்டார் உறுமியது.

அந்த உறுமலை எங்கள் எல்லோருக்கும் தெரியும். குற்றாலிங்கம் திரும்பி மாட்டின் கயிற்றைப் பிடித்தான். யாரோ உச்சுக் கொட்டினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதைச் சொல்ல என்ன வெட்கம்? ஆனால் முன்பு போல அவள் விடாமல் அமுக்கிக்கொண்டிருக்கவில்லை. அந்த நிமிஷமே நிறுத்தினாள். மெயின் சுவிட்சை இறக்கினாள். கனெக்சன் பெட்டியைத் திறந்தாள். உள்ளே எல்லாம் வைத்தது வைத்தபடி காய்ந்து சுத்தமாக இருந்தது.

“இதுல இல்ல” என்றாள், தனக்குத்தானே. “அப்ப வழியில எங்கயோ இருக்கு.”

கம்பியை விரலால் தொடர்ந்துகொண்டே சுவரோரம் போனாள். ஸ்டார்ட்டரைத் திறந்தாள், பார்த்தாள், மூடினாள். மெயின் சுவிட்ச் பலகைக்கு வந்து பியூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாக உருவினாள். முதலாவது சுத்தம். இரண்டாவது சுத்தம். மூன்றாவதை உருவியவள் அப்படியே நின்றாள். அதன் செம்பு நாக்கில் காய்ந்த சந்தனம். அதன் மேல் குங்குமம். சுற்றிலும் பச்சை.

பொங்கலன்று கரண்டு இல்லாத தைரியத்தில் வள்ளித்தாய் வந்து வைத்திருக்கிறாள். மருமகள் பியூஸ் பிடுங்குவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறாள், அவளுக்குத் தெரியாதா? பெட்டியில் பொட்டை அழித்ததற்குப் பரிகாரமாக, மகனின் மூச்சுக்காக, யாருக்கும் தெரியாமல் ஒரே ஒரு பொட்டு. இப்போது கதவருகே அவள் தட்டை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

வடிவம்மாள் மாமியாரை ஒரு தடவை பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கிழவி அங்கேயே விழுந்திருப்பாள். மாடத்திலிருந்த உப்புத்தாளை எடுத்து அந்த நாக்கைத் தேய்த்தாள். பலகையில் அது போய்ச் சொருகும் இடத்தையும் தேய்த்தாள். சேலைத் தலைப்பால் துடைத்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் தேய்த்தாள். வெளியே குற்றாலிங்கம் நுகத்தடியை எடுக்கும் சத்தம் கேட்டது. அவள் அவசரப்படவில்லை. மூன்று கட்டைகளையும் அழுத்திச் சொருகி, சுவிட்சை ஏற்றி, பொத்தானை அமுக்கினாள்.

மோட்டார் எடுத்த எடுப்பில் பிடித்தது. குழாய் இரண்டு தடவை இருமியது, காற்றைத் துப்பியது, பிறகு கிணற்றுத் தண்ணீர் தொட்டியில் கொட்டியது. நாறும்பூநாதன் வாய்க்காலில் காலை வைத்து நின்றுகொண்டு சின்னப் பிள்ளைபோலச் சிரித்தான். குற்றாலிங்கம் கையிலிருந்த நுகத்தடியோடு தண்ணீரையே பார்த்தான். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, தொட்டியில் கையை நனைத்து, அந்த ஈரத்தை மாட்டின் நெற்றியில் தடவினான். சாஸ்தா கோயிலில் கொடுத்த வாக்குப்படி தோட்டத்தைப் பற்றி அன்றைக்கும் அதற்குப் பிறகும் அவன் வாயைத் திறக்கவில்லை.

வள்ளித்தாய் பழக்க தோஷத்தில் தட்டிலிருந்து குங்குமத்தை எடுத்துவிட்டாள். விரலில் குங்குமத்தோடு மோட்டாரைப் பார்க்கிறாள், மருமகளைப் பார்க்கிறாள், எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வடிவம்மாள் அவள் முன்னால் வந்து, வேர்வையை முழங்கையால் துடைத்துவிட்டுத் தலையைக் குனிந்தாள்.

“அத்தை, அதுக்கு வேண்டாம். இங்கன வையிங்க.”

வள்ளித்தாய் வைத்தாள். பொட்டு கோணலாக விழுந்தது. வடிவம்மாள் அதைச் சரிசெய்யாமல், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடை திறக்கப் போனாள்.